ஜாடிக்குள் இருந்த விரல்

போன மாதம் சிட்னியின் செவன் ஹில்ஸ் பகுதியில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் நம்மூர்ப் பிள்ளைகளுக்காக ஒரு கூட்டம் வைத்தார்கள். பெரியவர்கள் தாங்கள் பார்த்த வேலையைப் பற்றிப் பேசுவார்கள். பிள்ளைகள் அதைக் கேட்டு எதிர்காலத்தை முடிவு செய்துகொள்வார்கள். ஒரு இதய மருத்துவர், ஒரு மென்பொருள்காரர், சுரங்கத்தில் காசு பார்த்த ஒரு பொறியாளர், கடைசியாக நான். என் பெயருக்கு எதிரே ‘வித்தியாசமான துறை’ என்று போட்டிருந்தார்கள். பிள்ளைகளே, இப்படியும் ஆகிவிட வாய்ப்புண்டு, கவனம் என்று அர்த்தம்.

நான் எழுந்தபோது சமோசா வந்துவிட்டது. சமோசாவுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த சிலரில் ஒரு பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், உங்க கரியர்ல பெரிய அச்சீவ்மென்ட் எது?"

"மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின எகிப்துக் கல் ஜாடி ஒண்ணை நான் சுத்தம் பண்ணினேன். இப்ப அதுல ஒரு கறைகூட இல்லை" என்றேன்.

கைதட்டினார்கள். சமோசாவோடு திரும்பி வந்தவர்களும் ஒரு கையால் தட்ட முயன்றார்கள். நான் சொன்னதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனாலும் அந்தக் கைதட்டல் வீடு வரை கூடவே வந்து, சோபாவில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதைத் திருப்பி அனுப்பத்தான் இதை எழுதுகிறேன்.

சிட்னியில் ஒரு மியூசியத்தின் கன்சர்வேஷன் பிரிவில் நான் கால் நூற்றாண்டுக்கு மேல் வேலை பார்த்தேன். ஏற்கெனவே பழசாகிவிட்ட பொருள்கள் மேற்கொண்டு கெடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இதை நம் ஆட்களுக்கு விளக்குவதில் என் சக்தியில் பாதி போயிற்று. ஹெலன்ஸ்பர்க் கோயில் கேன்டீனில் ஒருவர், "மியூசியத்துலன்னா, டிக்கெட் கிழிக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்ல சார். உள்ள இருக்கற சாமானையெல்லாம் பத்திரமாப் பாத்துக்கறது."

"ஓ, செக்யூரிட்டி" என்றவர் தயிர்சாதத்துக்குத் திரும்பிவிட்டார். அதற்கப்புறம் யார் கேட்டாலும் செக்யூரிட்டி என்றே சொல்லிவிடுவது என் வழக்கம். மரியாதை கொஞ்சம் கூடியது.

என் மனைவி மீனா நர்ஸ். விசா அவள் பெயரில்தான் வந்தது. நான் அவள் கூடக் கொண்டுவந்த சாமான்களில் ஒன்று. மதுரையில் படித்த வேதியியலை வைத்துக்கொண்டு இங்கே முதலில் ஒரு கிடங்கில் பெட்டிகளுக்கு டேப் ஒட்டினேன். பிறகு ஒரு படிப்பு, பிறகு மியூசியம். அங்கேயும் பெட்டிகளுக்கு டேப்தான் ஒட்டினேன். ஆனால் அது அமிலம் இல்லாத, உயர்ந்த டேப்.

எங்கள் பிரிவின் தலைவர் ஜூடித். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை; உயர்த்தும் அவசியம் அவருக்கு வந்ததும் இல்லை. என் பயிற்சிக் காலம் முழுவதையும் அவருடைய ஒரே கேள்விக்குள் அடக்கிவிடலாம். நான் எதையாவது தூக்கப் போனால், அறையின் எந்த மூலையில் இருந்தாலும் கேட்பார்: "எங்கே போகிறது?"

"மேஜைக்கு, ஜூடித்."

"மேஜையில் எந்த இடத்துக்கு?"

"இடது பக்கம்."

"அங்கே இப்போது என்ன இருக்கிறது?"

திரும்பிப் பார்ப்பேன். என் கண்ணாடிக் கூடு இருக்கும். கையை எடுத்துவிட்டு, போய்க் கூட்டை அகற்றிவிட்டு, திரும்பி வந்து ஆதியிலிருந்து தொடங்க வேண்டும். பொருள்கள் பெரும்பாலும் விபத்தில் உடைவதில்லை, தூக்கியவன் கையில் வைத்துக்கொண்டு இடம் தேடும்போதுதான் உடைகின்றன என்பது அவர் கட்சி. விளிம்பைப் பிடிக்கக் கூடாது. ஒரு கை அடியில், ஒரு கை பக்கவாட்டில். தூக்கிய பிறகு பேச்சு கிடையாது. கீழே வைத்த பிறகும் கையைச் சட்டென்று எடுக்கக் கூடாது. "நீ விட்டுவிட்டாய் என்பது அதற்குத் தெரிய வேண்டும்" என்பார். வீட்டில் நான் ரசப் பாத்திரத்தை இப்படி இறக்கிவைப்பதைப் பார்த்துவிட்டு மீனா, "அதுக்கு என்ன, மயக்க மருந்து குடுத்திருக்கா?" என்று கேட்டாள்.

எங்களிடம் எகிப்தின் பழைய கல் பாத்திரங்கள் ஒரு வரிசை உண்டு. கண்மை, வாசனை எண்ணெய், உடம்பில் பூசும் பூச்சு எல்லாம் வைத்துக்கொள்ளச் செய்தவை. மைக்குப்பிகள் குட்டையாக, தட்டையான அகல விளிம்போடு இருக்கும். நடுவில் சின்னத் துளை, குச்சி மட்டும்தான் போகும். பூச்சு ஜாடிகளுக்கு வாய் அகலம். இரண்டு விரல் தாராளமாக நுழையும். பலவும் தேன் நிறத்தில் வரி ஓடும் பளிங்கு போன்ற கல். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே விளக்கெரிவது மாதிரி ஒளிரும். பார்க்கத்தான் கல், சுபாவம் சாக்பீஸ். எலுமிச்சைச் சாறு பட்டால் நுரைக்கும். இதை அறிந்த அன்றே நான் என் டிபன் டப்பாவைப் பற்றி ஜூடித்திடம் உண்மையைச் சொல்லியிருக்கக் கூடாது.

"அதில் அமிலம் ஏதாவது உண்டா?"

"புளியோதரை, ஜூடித். அது முழுக்கவே அமிலம்தான்."

அன்று முதல் நான் பல வருஷம் அவசர வழிப் படிக்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

அந்த வரிசையில் ஏறக்குறைய எல்லாவற்றின் உட்புறமும் பளிச்சென்றிருக்கும். எங்களுக்கு முன்னால் அங்கே வேலை பார்த்தவர்கள் மிகவும் சுத்தமானவர்கள். எகிப்தியர் மிச்சம் வைத்த மையையும் பூச்சையும் சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டார்கள். அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் ஜூடித் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்ப்பார். யாராவது இறந்துபோனால் நாம் பார்ப்போமே, அப்படி.

தப்பித்தது ஒன்றே ஒன்று. கைக்கு அடக்கமான பூச்சு ஜாடி, கல்லாலேயே மூடி. மூடி ஒட்டிக்கொண்டு திறக்க வராததால் கழுவாமல் விட்டிருந்தார்கள். முதல் உலகப் போருக்கு எகிப்துக்குப் போன ஒருவர் அங்கே சந்தையில் வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டு வந்தது. அவர் மனைவியின் அலங்கார மேஜையில் காலம் முழுக்க இருந்தது. அந்த அம்மாள் இறந்த பிறகு குடும்பத்தார் மியூசியத்துக்குக் கொடுத்துவிட்டார்கள்.

நான் சேர்ந்து சில வருஷம் கழித்து ஜூடித் அதைத் திறக்க முடிவு செய்தார். ஒரு வாரம் ஆயிற்று. பஞ்சு வைத்த வளையத்தில் ஜாடியை உட்காரவைத்து, அறையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடாக்கினோம். தலைமுடி கனத்தில் ஒரு பிளாஸ்டிக் கீற்றை மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே செருகி, சுற்றிச் சுற்றி, ஒரு நாளைக்கு அரிசிமணி அகலம் என்று முன்னேறினோம். கடைசி நாள் மூடி எந்தச் சத்தமும் இல்லாமல் ஜூடித்தின் கையோடு வந்துவிட்டது. மூடியைப் பிடித்தபடி அவர் அப்படியே நின்றார்.

"எங்கே போகிறது?" என்றேன் நான். என் வாழ்க்கையில் நான் அவரைக் கேட்ட ஒரே தடவை. அவர் சிரித்துவிட்டார்.

உள்ளிருந்து மெல்ல ஒரு வாசனை வந்தது. பூ மாதிரி, மெழுகு மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. மூவாயிரம் வருஷத்துப் பூ! விளக்கைச் சாய்த்துப் பார்த்தோம். அடியில் தேன்மெழுகு நிறத்தில் இறுகிப்போன ஒரு படலம். அதில் சுவரோரம் தொடங்கி நடுவரை வளைந்து வரும் ஒரு பள்ளம். யாரோ ஒரு விரலால் வழித்தெடுத்த தடம். அது முடியும் இடத்தில் நகம் பட்ட ஒரு பிறைக்கீறல்.

விளக்கை இன்னும் இரண்டு பக்கமும் சாய்த்துப் பார்த்தோம். பிறகு ஜூடித், "யாரும் உள்ளே தொடக் கூடாது" என்றார். பரிசோதனைக்குக்கூட எடுக்கக் கூடாது. எடுத்தால் அந்தத் தடத்தில்தான் கைவைக்க வேண்டிவரும். கடுகளவு போதும் என்கிற காலம் வரும், அதுவரை காத்திருக்கலாம்.

நான் அந்த விரலோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை பல் வைத்தியர் கண்ணாடியை உள்ளே விட்டு, அது அங்கேயே இருக்கிறதா என்று பார்ப்பேன். மற்ற பொருள்களில் அவற்றைச் செய்தவர்கள், விற்றவர்கள், புதைத்தவர்கள் தெரிந்தார்கள். இதில் மட்டும் ஒருத்தி நாளைக்கும் வருவதாக நினைத்துக்கொண்டு மூடியிருக்கிறாள். காட்சிப் பெட்டியில் வைத்தபோது விளக்க அட்டையில் கிட்டத்தட்ட அதைத்தான் எழுதினேன். ஜாடியின் மேலே சாய்வாக ஒரு கண்ணாடியும் வைத்தோம், உள்ளே தெரிவதற்கு. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் தங்கள் ஆள்காட்டி விரலைத் தூக்கி, காற்றில் அந்தத் தடம் போலவே வளைத்துப் பார்ப்பார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒவ்வொரு கூட்டமும் அப்படித்தான் செய்தது.

அந்த அறையில் காவலுக்கு நின்றவர் குகன். நிஜமான செக்யூரிட்டி. முல்லைத்தீவுக்காரர், படகில் வந்தவர், தற்காலிக விசாவில் இருந்தார். ஒருநாள் ஜாடியைக் காட்டி, "அண்ணை, உது எப்பிடி இஞ்ச வந்தது?" என்றார்.

"கப்பல்லதான். ஒருத்தர் பையில."

"பேப்பர் ஏதும் இருந்ததோ?"

"ஒண்ணும் இல்ல."

"பாத்தியளே. ஜாடியாரும் என்னை மாதிரித்தான், தண்ணியால, பேப்பர் இல்லாமல். அவருக்குக் கண்ணாடிப் பெட்டி, ஏசி, காவலுக்கு நான். எனக்கு மூண்டு வருசத்துக்கு ஒருக்கா நீ ஆர் எண்டு கேட்டுக் காயிதம் வருது."

"மூவாயிரம் வருஷம் பொறுத்தா உங்களுக்கும் குடுப்பாங்க, குகன்."

"ஓம், அண்ணை. மூடியை இறுக்கிக்கொண்டு இருக்கவேண்டியதுதான்."

ஜூடித் ஓய்வு பெற்று மலைப்பக்கம் போய்விட்டார். அதற்குச் சில வருஷம் கழித்து எங்கள் மியூசியத்தைப் புதுப்பிக்கத் தீர்மானித்தார்கள். வெளியிலிருந்து வடிவமைப்பாளர்கள் வந்தார்கள். எல்லாரும் இளைஞர்கள், நல்லவர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள். அவர்களுக்கு இந்த ஜாடி மிகவும் பிடித்துவிட்டது. பெரிய இருட்டு அறை, நடுவில் இது ஒன்று மட்டும், அடியிலிருந்து வெளிச்சம் பாய்ந்து கல் முழுக்கத் தேனாக ஒளிர வேண்டும். வைத்துப் பார்த்தார்கள். அடிப்பாகம் மட்டும் இருண்டு நின்றது. படலம் வெளிச்சத்தை மறித்தது.

"உள்ளே இருக்கும் அந்த அழுக்கை எடுக்க முடியுமா?" என்று கேட்டார்கள்.

நான் ஒரு சொற்பொழிவே ஆற்றினேன். கடைசியில் சேகரிப்பு மேலாளர், பெயர் கிளேர், எப்போதும் புன்னகையோடு பேசுபவர், "அது பழையது என்று நிரூபிக்க முடிந்தால் யாரும் தொட மாட்டார்கள்" என்றார். இப்போது கடுகளவு போதும். தடத்தைத் தொடாமல் ஓரத்திலிருந்து எடுக்கலாம். ஜூடித் சொன்ன காலம் வந்துவிட்டது. நானே பரிசோதனைக்கு அனுப்பலாம் என்றேன். நானே பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசி முனையால் துளி எடுத்தேன். நானே பொட்டலம் கட்டினேன். அவளைக் காப்பாற்றப் போகிற உற்சாகத்தில் அன்று ஹாரிஸ் பார்க் இந்தியக் கடையில் ஜாங்கிரிகூட வாங்கிக்கொண்டு போனேன்.

முடிவு வந்தது. பெட்ரோலிய மெழுகு, தேன்மெழுகு, வெண்காரம், செயற்கை ரோஜா வாசனை. போன நூற்றாண்டில் கடைகளில் விற்ற முகக் கிரீம். அதற்கு அடியில் ஒன்றும் இல்லை, வெறும் கல்.

அது எந்த எகிப்தியப் பெண்ணுடைய விரலும் இல்லை. சிட்னியில் ஏதோ ஒரு படுக்கையறையில், கணவன் போரிலிருந்து கொண்டுவந்து கொடுத்த அழகான ஜாடியில் கிரீம் போட்டுவைத்துக்கொண்ட ஒரு அம்மாளுடைய விரல். எங்கள் பதிவில் அவள் பெயர்கூட இல்லை. கணவன் பெயருக்கு முன்னால் ‘திருமதி’ என்று இருக்கிறது, அவ்வளவுதான்.

கிளேர் என் தோளைத் தொட்டு, "நல்ல செய்தி. இனி தயக்கமில்லாமல் சுத்தம் செய்யலாம்" என்றார்.

"இதுவும் ஒரு மனுஷியோட விரல்தானே, கிளேர்?"

"புரிகிறது. ஆனால் அவர் நம் சேகரிப்பில் இல்லை" என்றார். உண்மையிலேயே வருத்தமாகத்தான் சொன்னார். "உங்களுக்காக உள்பக்கத்தை ஸ்கேன் எடுத்துவைக்கிறோம்."

அன்று மாலை ஜூடித்துக்குப் போன் செய்தேன். அவர் ஒருவர் போதும் எனக்கு. அவர் வேண்டாம் என்று சொன்னால் அந்தக் கட்டடத்தில் இன்னமும் நாலு பேர் கேட்பார்கள். எல்லாவற்றையும் சொன்னேன். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. ஜன்னலைப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

"அடியில் பழையது எதுவுமே இல்லையா?"

"இல்லை."

"அப்படியென்றால் அந்தப் பெண் உள்ளே இருந்ததைக் கழுவிவிட்டுத் தன் கிரீமைப் போட்டிருக்கிறாள்."

எனக்கு அது தோன்றவே இல்லை. மூவாயிரம் வருஷம் இருந்ததை அவள் ஒரு காலை நேரத்தில், நல்ல குடும்பப் பெண்ணாக, சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறாள்.

"அப்போ நாம என்ன பண்றது, ஜூடித்?"

"அது அழுக்குதானே" என்றார். குரலில் கோபமில்லை. பழையது என்றால் பொருள், இல்லையென்றால் அழுக்கு; எனக்குச் சம்பளம் வாங்கித்தந்த இலக்கணமே அதுதான். "வொயிட் ஸ்பிரிட் உபயோகி. தேய்க்காதே, உருட்டு" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

வேறு யாரையாவது செய்யச் சொல்லியிருக்கலாம். வேறு யார் செய்தாலும் தேய்ப்பார்கள்.

காட்சியறையை மூடி வேலை நடந்துகொண்டிருந்ததால் ஜாடியை அங்கேயே ஒரு மேஜையில் வைத்துச் செய்தேன். குகன் வாசலில் நின்றார். மெல்லிய மூங்கில் குச்சியில் பஞ்சைச் சுற்றி, வொயிட் ஸ்பிரிட் என்கிற கரைப்பானில் நனைத்து, ஒற்றிக் குறைத்து, உள்ளே விட்டு உருட்ட வேண்டும். ஓரத்திலிருந்து தொடங்க வேண்டும். பஞ்சு மஞ்சளானதும் மாற்ற வேண்டும். அழுக்கேறிய பஞ்சால் திரும்ப ஒரு சுற்று உருட்டினால் எடுத்ததையே பூசுகிறோம் என்று அர்த்தம். படலம் சுலபமாகவே வந்தது. முதல் நாள் திறந்தபோது வந்த அதே வாசனை திரும்பவும் வந்தது. இப்போது தெரிந்திருந்ததால் அது வெறும் கிரீம் வாசனை. சிலிர்ப்புக்குக்கூட வயது பார்த்துத்தான் வருகிறது போல.

குகன் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார். "ஆர் அண்ணை அந்த மனுசி?"

"தெரியாது."

"பிள்ளையள் இருந்திருக்குமோ?"

"தெரியாது, குகன்."

"உங்கட எகிப்து ராணியளுக்கெல்லாம் தாய் தேப்பன் பேர் வரைக்கும் எழுதி வச்சிருக்கிறியள். பக்கத்துக் காணிக்காரியைத் தெரியாது."

சுற்றிலும் எடுத்தாயிற்று. தடம் மட்டும் நடுவில் தீவு மாதிரி நின்றது. அதன் இரண்டு கரைகளையும் கரைத்தேன். கரைகள் போனதும் பள்ளம் தானாகவே இல்லாமல் ஆயிற்று. பள்ளத்தை எடுக்க நான் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. நகம் பட்ட பிறை கடைசி. ஒரு பஞ்சு, ஒரு உருட்டு.

எங்கள் முறைப்படி, பழம்பொருளிலிருந்து எடுக்கும் பழைய துணுக்கு எதுவானாலும் ஒரு சின்னக் குப்பியில் போட்டு, சீட்டு ஒட்டிப் பத்திரப்படுத்த வேண்டும். அழுக்குக்குக் குப்பி கிடையாது. மஞ்சளான பஞ்சுக் குச்சிகள் ஒரு தட்டு நிறைய இருந்தன. தட்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ, குகன்தான் கேட்டார். இத்தனை வருஷம் எங்களைப் பார்த்துப் பழகிய கேள்வி.

"எங்க போகுது, அண்ணை?"

"குப்பைக்கு" என்றேன். கழிவுத் தொட்டியை அவரே திறந்து பிடித்தார்.

ஜாடி இப்போது அற்புதமாக ஒளிர்கிறது. பழைய விளக்க அட்டையை எடுத்துவிட்டார்கள். மேலே இருந்த சாய்வுக் கண்ணாடியையும் எடுத்துவிட்டார்கள். உள்ளே பார்க்க ஒன்றும் இல்லையே. பிள்ளைகள் அதன் முன் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் விரலை வளைப்பதில்லை. ஸ்கேன் எங்கேயோ பத்திரமாக இருக்கிறதாம். புதுப்பிப்பு முடிந்ததும் எங்கள் பிரிவைச் சுருக்கினார்கள். எனக்குக் கொடுத்ததன் பெயர் விருப்ப ஓய்வு. விருப்பம் அவர்களுடையது, ஓய்வு என்னுடையது.

இவ்வளவையும் செவன் ஹில்ஸில் அந்தப் பெண்ணிடம் சொல்லியிருக்க முடியாது. சமோசா ஆறிவிடும்.

போன வாரம் குளியலறையில் மீனாவின் கிரீம் டப்பா காலியாகிக் கிடந்தது. எதையும் வீணாக்காதவள்; அடி முழுக்க விரலை விட்டுச் சுழற்றி வழித்திருந்தாள். சுழிசுழியாகத் தடங்கள், ஒரு ஓரத்தில் நகம். முப்பது வருஷமாக அந்த விரலை எனக்குத் தெரியும். டப்பாவை விளக்குக்குச் சாய்த்துப் பிடித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவள் டியூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "அதை என்ன உத்து உத்துப் பாத்துட்டு நிக்கிறீங்க? கழுவிட்டு மஞ்ச மூடி ரீசைக்கிள் பின்ல போடுங்க. கழுவாமப் போட்டா எடுக்க மாட்டான்."

கார் கிளம்பும் சத்தம் கேட்டது. வெந்நீரைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டுக் கழுவினேன். வேலை பழக்கமானதுதான். ஒரு கறைகூட நிற்கவில்லை. பிறகு ஒரு கையை அடியிலும் ஒரு கையைப் பக்கவாட்டிலும் கொடுத்து, எங்கே போகிறது என்று தெரிந்த பிறகே தூக்கினேன்.